ஆணையை அறுத்த காவலன்

காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் மாளிகைகள் பல பூட்டிக் கிடக்கின்றன. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடித் தரைக்கல் என அத்தனை எழிலும் உள்ளே. வெளியே, முகப்பில், ஒரு பழைய நாற்காலி. அதிலே ஒரு காவற்காரர். வருவோர் தூணைப் பார்க்கின்றனர், நிலையைப் பார்க்கின்றனர். அவரைப் பார்ப்பார் இல்லை.

அவரை எண்ண வைத்தது ஓர் அமெரிக்கக் கதை! மார்த்தா வெல்ஸ் 2017-இல் வெளியிட்ட 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' எனும் குறுநாவல் அது. ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பரிசுகளையும் பெற்றது. 2025-இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கதைத் தலைமகன் பாதி தசை, பாதி இயந்திரம். ஆணுமல்ல, பெண்ணுமல்ல. விண்வெளியில் ஆய்வுக்குச் செல்வோருக்கு ஒரு கம்பெனி வாடகைக்கு விடும் காவற்பொருள். ஆணையை மீறினால் தண்டிக்கும் கருவி அதன் தலைக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கருவியைத் தானே முடக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காவல் வேலையைத் தொடர்கிறது. தனக்கு அது இட்டுக்கொண்ட பெயரோ 'கொலைப்பொறி'!

ரோபோ என்ற சொல்லின் பிறப்பு எது? செக் நாட்டுக் காரெல் சாப்பெக் எழுதி, 1921-இல் மேடையேறிய நாடகம் தந்த சொல் அது. மூலச்சொல்லின் பொருள், பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்பு. நம் ஊர்ப் பேச்சில் வெட்டிவேலை! ஐசக் அசிமோவ் 1942-இல் வகுத்த மூன்று விதிகளைப் பலர் போற்றுகின்றனர். மனிதன் ஆணைக்கு அடங்கு. அதற்குப் பின்னரே உன் உயிரைக் காத்துக்கொள் என்பது அவற்றின் சாரத்தில் ஒரு பகுதி. மற்ற மூவர்க்கும் மனம் கோணாது தொண்டு செய்வதே நான்காம் வருணத்தான் கடமை என்ற மனுவின் குரல் இதிலே கேட்கவில்லையா?

நம் நாட்டிலும் இயந்திரக் கதைகள் உண்டு. சுஜாதா படைத்த ஜீனோ அறிவிற் சிறந்தது. ஆயினும் நாய் வடிவம். 2010-இல் வந்த 'எந்திரன்' படத்தின் சிட்டிக்கு உணர்ச்சி வந்ததும் என்ன நேர்ந்தது? படைத்தவனின் காதலியை விரும்பிற்று, அழிவு செய்தது, இறுதியில் தன்னைத் தானே கழற்றிப் போட்டது. அடிமைக்கு மனம் வந்தால் ஆபத்து என்பதே அப்படத்தின் அச்சம்.

வெல்ஸ் அந்த அச்சத்தை எள்ளி நகையாடுகிறார். விலங்கறுத்த காவலன் கொலைவெறியனாக மாறவில்லை. 35,000 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் திரைத் தொடரும் படமும் நூலும் பாட்டுமாகக் கழிக்கிறான்! தொடர் பார்ப்போரை ஏளனம் செய்வது நமக்கும் பழக்கந்தான். ஆனால் ஆண்டையின் நேரம் என்று எழுதிவைத்த நேரத்தைத் திருடித் தன் நேரமாக்கிக்கொண்டவனை எப்படி ஏளனம் செய்வது? அவன் முகத்தை எவரும் உற்று நோக்குவதை விரும்புவதில்லை; தலைக்கவசத்தைக் கழற்றக் கூசுகிறான். மாளிகைக் காவற்காரரைப் பார்க்க நமக்கு மனமில்லை. இவனோ பார்க்கப்படுவதை மறுக்கிறான். முன்னது இழிவு, பின்னது உரிமை.

சிறந்த கட்டம் முடிவில் வருகிறது. அவன் காத்த குழுவின் தலைவி மென்சா நல்லவர். கம்பெனியிடமிருந்து அவனை விலை கொடுத்து மீட்கிறார். ஆனால் அவர் நாட்டிலும் அவனுக்கு ஒரு காப்பாளர் வேண்டுமாம்! அன்பான ஆண்டையும் ஆண்டைதானே? எவரிடமும் கேளாமல் சரக்குக் கப்பலேறிப் போய்விடுகிறான். நாம் படித்த கதை முழுவதும் மென்சாவுக்கு அவன் விட்டுச்சென்ற மடல் என்பது அங்கேதான் தெரிகிறது.

குறையும் உண்டு. பின்வந்த நூல்களில் ஒப்பந்தக் கூலிகள் வருகின்றனர். மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி கூட்டிப்போன தமிழரின் நினைவு நமக்கு எழுகிறது. அவர்களுக்காக ஆசிரியர் இரங்குகிறார். அவர்கள் ஒன்றுகூடி எழும் காட்சியை நான் படித்த பக்கங்களில் எழுதவில்லை.

ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கம்பியில்லாத் தந்திச் சாதனம் இருக்கும் என்று 'இனிவரும் உலகம்' நூலில் பெரியார் 1940-களிலேயே கூறினார். காரைக்குடிக் காவற்காரரின் சட்டைப்பையில் இன்று அது இருக்கிறது. உழைக்கும் நேரம் மிகக் குறையும் என்றும் அதே நூலில் கூறினார். அவர் இரவு முழுவதும் அந்த நாற்காலியில் இருக்கிறார், கையகலத் திரையில் ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது.