பந்தைப் பார்க்காதீர்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் கால்பந்து பார்க்க டிக்கெட் கட்டாயமில்லை. வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே கம்பிவலை அடித்த திடல்களில் பையன்கள் ஆடுகிறார்கள். 1996இல் தொழில்முறைக் கால்பந்து லீகான எஸ்-லீக் தொடங்கியபோது செம்பவாங் ரேஞ்சர்ஸ் அணிக்குச் சொந்தத் திடலாக இருந்ததும் ஈசூன் விளையாட்டரங்கம்தான். இங்கே எந்த ஆட்டத்தை வேடிக்கை பார்த்தாலும் அறுபதைத் தாண்டிய அங்கிள் ஒருவர் பக்கத்தில் வந்து, “இதெல்லாம் என்னப்பா, ராஜகோபால் கார்னர் அடிச்சு நீ பார்த்திருக்கணும்” என்பார்.

அவர் மிகைப்படுத்துகிறாரா என்று வாதாடாதீர்கள். அந்தக் கார்னரில் என்ன பார்த்தார் என்று கேளுங்கள். ரசனை அங்கேதான் தொடங்குகிறது.

எஸ். ராஜகோபால் 1970களில் சிங்கப்பூர் அணியின் விங்கர். ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் ‘கேமல்’. 1977இல் கோலாலம்பூரில் பினாங்கை 3-2 என வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த தலைமுறை அது. அணித்தலைவர் சமது அல்லாபிச்சை. ஆனால் ராஜகோபால் பேரைச் சொன்னதும் கிண்ணமா நினைவுக்கு வருகிறது? கார்னரிலிருந்து வளைந்து போகும் அந்த ‘பனானா கிக்’தான்.

கார்னர் கொடிக்கருகே ஒருமுறை நின்று பாருங்கள். இரண்டு கோல் கம்பங்களும் ஒரே கோட்டில் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். அங்கிருந்து பார்த்தால் கோல் என்ற வாசலே கிடையாது. நேராக அடித்த பந்து எப்படியும் உள்ளே போகாது. முதலில் திடலுக்குள் விலகிப் போய், பிறகு மனம் மாறியதுபோல் கோலை நோக்கித் திரும்ப வேண்டும். அதற்குப் பந்தின் நடுவை விட்டு ஓரத்தில் அடித்துச் சுழலவிட வேண்டும். சுழலும் பந்து காற்றை ஒரு பக்கம் தள்ளுகிறது. காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது. இயற்பியலில் இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர்.

ரசிக்க வேண்டிய கட்டம் அதற்கு அப்புறம். வேகம் குறையக் குறையத்தான் வளைவு கூடும். முதல் பாதியில் பந்து கோலை விட்டு எங்கோ விலகிப் போவதுபோல் தெரியும். கோல்காப்பாளர் அதை நம்பி ஓரடி முன்னே வைப்பார். அந்த ஓரடியைப் பாருங்கள், பந்தை அல்ல. ராஜகோபால் ஆடியதோ மழையில் நனைந்தால் கனத்துப்போகும் தோல்பந்துக் காலம். இன்றைய பந்தில் இதைச் செய்பவர்களை நான் பாராட்டுவேன், ஆனால் கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான்.

கார்னரிலிருந்து நேரடியாகக் கோல் போடலாம் என்று விதி ஒப்புக்கொண்டதே 1924இல்தான். அதே ஆண்டு அக்டோபரில் அர்ஜென்டினாவின் ஒன்சாரி உருகுவேக்கு எதிராக அடித்துக் காட்டினார். உருகுவே அப்போது ஒலிம்பிக் சாம்பியன். அதனால் லத்தீன் அமெரிக்காவில் இன்றும் அதற்கு ‘ஒலிம்பிக் கோல்’ என்று பேர். ஈசூன் அங்கிளைக் கேட்டால் ‘ராஜகோபால் கோல்’ என்பார்.

அடுத்த தலைமுறைக்கு வி. சுந்தரமூர்த்தி, ‘டேஸ்லர்’. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வரை போனவர். 1993இல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் மல்லாந்து அடித்த கோலைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அது இரண்டாம்பட்சம். அந்த மாதிரி கோல் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை அமைந்துவிடலாம். பந்தோடு தடுப்பாட்டக்காரரை நெருங்கி, ஏமாற்றிக் கடந்து போவது வாரா வாரம் செய்து காட்ட வேண்டியது. இங்கே தடுப்பவரின் இடுப்பைக் கவனியுங்கள். அவரது உடல் எடை ஒரு காலுக்கு மாறும் கணத்துக்காகத்தான் பந்தோடு வருபவர் காத்திருக்கிறார். மாறியதும் மறுபக்கம் போய்விடுவார்.

ஊர்க் கதையாகிற திறமைக்கு என் அளவுகோல் இதுதான்: என்ன செய்யப்போகிறார் என்று அரங்கம் முழுவதற்கும் தெரியும், எதிரணிக்கும் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியாது. கோல் எண்ணிக்கை பதிவேட்டில் கிடைக்கும். இந்தத் திறமையோ பார்த்தவர்களின் உடம்பில்தான் கிடைக்கும். அங்கிளிடம் கேட்டால் அவர் எண்களைச் சொல்ல மாட்டார். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஊன்றும் கால் எங்கே, வீசும் கால் எங்கே என்று எழுந்து காட்டுவார்.

கடைசியாக, நின்று பார்க்கும் இடம். தொலைக்காட்சி வழக்கமாகப் பக்கவாட்டிலிருந்து காட்டும். அதில் வளைவு பாதி தொலைந்துவிடும். கோலுக்குப் பின்னால் நில்லுங்கள். முடியாவிட்டால் கார்னர் கொடிக்குப் பின்னால், அடிப்பவரின் தோளுக்கு நேரே.