சந்தேகமும் வாசலும்: அமெரிக்காவின் நுழைவுத் தடைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தன் எல்லைக்குள் யாரை அனுமதிப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒவ்வோர் அரசுக்கும் உண்டு. சர்வதேசச் சட்டம் இவ்வதிகாரத்தை நீண்ட காலமாக அங்கீகரித்து வந்துள்ளது. கொலைத் திட்டத்துடன் வருபவனுக்கு வாசலைத் திறந்துவிடுமாறு எந்தச் சட்ட அறிஞரும் கோரியதில்லை. எனவே, இங்கு எழும் வினா அவ்வதிகாரம் செயற்படும் முறை பற்றியதாகும். ஒரு மனிதரைப் பயங்கரவாதத்துடன் தொடர்புடையவர் எனக் கூறித் திருப்பி அனுப்பும் அரசு, அதற்கான காரணத்தை அவருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளதா? அவரது மறுமொழியைச் செவிமடுக்க வேண்டுமா? ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாக அமைகின்றது.

இத்தடைகள் 2001 செப்டெம்பர் 11ஆம் திகதிக்குப் பின்னர் திடீரெனத் தோன்றியவை எனக் கருதுவது வரலாற்றுக்கு ஒவ்வாதது. 1952ஆம் ஆண்டின் மக்கரன்–வோல்டர் சட்டம், கம்யூனிசச் சார்புடையோர் எனக் கருதப்பட்ட வெளிநாட்டவர்க்கு அமெரிக்க வாசலை அடைத்தது. நாவலாசிரியர்களான கிரஹாம் கிரீன், கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் போன்றோரும் அச்சட்டத்தின் தடைகளையும் கட்டுப்பாடுகளையும் எதிர்கொண்டனர். பனிப்போர் முடிவுற்ற வேளையில், 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் கருத்தின் அடிப்படையிலான தடைகளைப் பெருமளவு தளர்த்தியது. ஆனால், 2001 ஒக்டோபரில் நிறைவேற்றப்பட்ட தேசபக்திச் சட்டமும் 2005ஆம் ஆண்டின் ரியல் ஐடி சட்டமும் அதே வாசலை வேறொரு பூட்டினால் பூட்டின. முன்னர் 'கம்யூனிஸ்ட்' என்ற சொல் வகித்த இடத்தைப் 'பயங்கரவாத ஆதரவாளர்' என்ற சொல் பெற்றுக்கொண்டது.

இம்மாற்றத்தின் தன்மையை விளங்கிக்கொள்ளப் பேராசிரியர் தாரிக் ரமழானின் விவகாரம் சிறந்த சான்றாகும். ஜெனீவாவில் 1962இல் பிறந்த சுவிட்சர்லாந்துப் பிரஜையான இவர், இமாம் ஹஸனுல் பன்னாவின் மகள்வழிப் பேரர். இந்தியானா மாநிலத்திலுள்ள கத்தோலிக்கக் கல்வி நிறுவனமான நொத்ர டேம் பல்கலைக்கழகம் 2004இல் இவருக்குப் பேராசிரியர் பதவி வழங்கியது. வீசாவும் கிடைத்தது. ஆனால், குடும்பத்துடன் புறப்படவிருந்த தறுவாயில், அவ்வாண்டு ஜூலை இறுதியில் அவ்வீசா இரத்துச் செய்யப்பட்டது. பயங்கரவாதத்தை ஆமோதிப்போரை விலக்கும் சட்டப்பிரிவு அதிகாரிகளால் சுட்டிக்காட்டப்பட்டது. எந்தச் சொல், எந்த நூல், எந்த உரை என எதுவும் கூறப்படவில்லை. டிசம்பரில் அவர் அப்பதவியைத் துறந்தார். 2005இல் லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், தீவிரவாதத்தைத் தடுக்கும் வழிகளை ஆராய பிரித்தானிய அரசு அமைத்த குழுவில் இதே ரமழான் இடம்பெற்றார் என்பது நோக்கத்தக்கது. ஓர் அரசு ஆபத்தானவர் எனக் கருதிய மனிதரிடம் அதன் நெருங்கிய நட்பு நாடு ஆலோசனை கேட்டது.

2006 ஜனவரியில் அமெரிக்கச் சமயக் கல்வியாளர் சங்கம், பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், எழுத்தாளர் அமைப்பான பென் ஆகியன வழக்குத் தொடர்ந்தன. நீதிமன்றம் முடிவொன்றை அறிவிக்குமாறு பணித்தபோது அரசின் காரணம் மாறியது. பேச்சு பற்றிய குற்றச்சாட்டு மறைந்து, கொடை பற்றிய குற்றச்சாட்டு அதன் இடத்தில் வைக்கப்பட்டது. 1998க்கும் 2002க்கும் இடையில், பலஸ்தீன மக்களுக்கு உதவும் சுவிட்சர்லாந்துத் தொண்டு நிறுவனமொன்றிற்கு அவர் ஏறத்தாழ 1,300 டொலர் வழங்கியிருந்தார். அந்நிறுவனம் ஹமாஸ் இயக்கத்திற்கு நிதி வழங்கியதாக அமெரிக்கா கூறியது. ஆயினும், அமெரிக்கா அதனைத் தடைப்பட்டியலில் சேர்த்தது 2003 ஆகஸ்டில்தான். அவரது இறுதிக் கொடைக்கு ஓராண்டுக்குப் பின்னர்.

இங்கு சட்டத்தின் கட்டமைப்பே விமர்சனத்துக்குரியதாகின்றது. அந்நிறுவனத்தின் தொடர்புகளைத் தாம் அறிந்திருக்கவில்லை என்பதையும், அறிந்திருக்க நியாயமான வாய்ப்பு இருக்கவில்லை என்பதையும் தெளிவான, உறுதியான சான்றுகளால் நிறுவும் பொறுப்பு கொடையாளியின் மீது சுமத்தப்பட்டது. குற்றத்தை நிறுவுவது குற்றஞ்சாட்டுபவரின் கடன் என்பது நீதியின் ஆரம்பப் பாடம். இங்கோ, தன் அறியாமையை நிறுவுமாறு குற்றஞ்சாட்டப்பட்டவரே பணிக்கப்படுகிறார். ஸக்காத்தும் ஸதக்காவும் வழிபாட்டின் பகுதியாக விளங்கும் ஒரு சமூகத்திற்கு இவ்விதி உண்டாக்கும் அச்சம் எத்தகையது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. நாளை எந்த அரசு எந்தப் பட்டியலில் எதைச் சேர்க்கும் என்பதை இன்றைய கொடையாளி எங்ஙனம் அறிவார்?

2009 ஜூலையில் நியூயோர்க்கிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம், கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை நீக்கியது. குற்றச்சாட்டைத் தூதரக அதிகாரி விண்ணப்பதாரியின் முன் வைத்து, தாம் அதை அறியவில்லை என நிறுவும் வாய்ப்பை அவருக்கு வழங்கியிருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. 2010 ஜனவரியில் இராஜாங்கச் செயலாளர் ஹிலாரி கிளிண்டன் தடையை விலக்கினார். ஏப்ரலில் ரமழான் நியூயோர்க்கில் உரையாற்றினார். இதனை முழுமையான வெற்றி எனக் கொள்ள இயலாது. முந்திய முடிவு தவறானது என அரசு கூறவில்லை. காரணம் கூறாமல் மூடப்பட்ட வாசல், பிழையை ஏற்காமலேயே திறக்கப்பட்டது. இடையில் கழிந்த ஆறாண்டுகளுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

அதே நாளில் தடை நீக்கப்பட்ட மற்றொருவர் தென்னாபிரிக்க அரசியல் அறிஞர் ஆதம் ஹபீப். நியூயோர்க்கில் கலாநிதிப் பட்டம் பெற்றவரும், அந்நாட்டிற்குப் பலமுறை சென்று வந்தவருமான இவர், 2006 ஒக்டோபரில் விமான நிலையத்தில் பல மணி நேரம் தடுத்துவைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் பயங்கரவாத நடவடிக்கை தொடர்பான சட்டப்பிரிவு காரணமாகக் காட்டப்பட்டதேயன்றி, அவர் செய்த செயல் எது என்பது கூறப்படவில்லை. 2004 செப்டெம்பர் 21ஆம் திகதி, லண்டனிலிருந்து வொஷிங்டன் நோக்கிச் சென்ற விமானமொன்று மெய்ன் மாநிலத்தின் பேங்கோர் நகருக்குத் திருப்பப்பட்டது. அதில் பாடகர் யூசுப் இஸ்லாம் பயணித்தமையே அதற்குக் காரணம். இரண்டாண்டுகளின் பின்னர் அவர் தடையின்றி அந்நாட்டிற்குள் நுழைந்தார். ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸின் உறுப்பினர் என்ற வகையில், நெல்சன் மண்டேலாவும் 2008 ஜூலை வரை விசேட விதிவிலக்குப் பெற்றே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டியிருந்தது. சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அச்சட்டம் திருத்தப்பட்டது.

அரசின் தரப்பு நியாயத்தையும் நேர்மையுடன் எடைபோட வேண்டும். செப்டெம்பர் 11 தாக்குதலை நடத்திய பத்தொன்பது பேரும் வீசா பெற்றே நுழைந்தனர். உளவுத் தகவல்களை வெளியிட்டால் தகவல் தந்தோரின் உயிருக்கு ஆபத்து நேரலாம். இவை புறக்கணிக்கத்தக்க வாதங்கள் அல்ல. எனினும், அத்தாக்குதலை ஆராய்ந்த விசாரணை ஆணைக்குழு வெளிக்கொணர்ந்த உண்மை வேறொரு திசையைக் காட்டுகின்றது. தாக்குதல்காரர்களுள் இருவரைப் பற்றி மத்திய உளவு நிறுவனம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. ஆனால், 2001 ஆகஸ்ட் வரை அவர்களது பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. கையிலிருந்த குறிப்பான தகவல் உரிய இடத்தைச் சென்றடையாமையே அங்கு நேர்ந்த தவறு. பேராசிரியர்களையும் பாடகர்களையும் திருப்பி அனுப்புவதால் அத்தவறு சீர்பெறாது. சந்தேகத்தின் வலை அகலமாக அகலமாக, உண்மையான ஆபத்தை இனங்காணும் பார்வை மங்கவும் கூடும்.

காரணம் கூறாத இவ்வதிகாரத்திற்குச் சட்ட அரணாக விளங்குவது 1972ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று. பெல்ஜிய மார்க்சியப் பொருளியலாளர் ஏர்னஸ்ட் மெண்டலை அமெரிக்கப் பேராசிரியர்கள் அழைத்திருந்தனர். அரசு அவரை அனுமதிக்கவில்லை. வெளிநாட்டவர்க்கு நுழையும் உரிமை இல்லையாயினும், அவரது கருத்தைக் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என அப்பேராசிரியர்கள் வாதிட்டனர். கேட்போரின் உரிமை இவ்வழக்கில் சம்பந்தப்பட்டிருப்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆயினும், மேலோட்டமாக நியாயமாகத் தோன்றும் காரணமொன்றை அரசு நல்லெண்ணத்துடன் கூறினால், அதற்குப் பின்னால் நீதிமன்றம் துருவிப் பார்க்காது எனவும் கூறியது. ஒரு கையால் வழங்கிய உரிமையை மறு கையால் மீளப் பெற்ற தீர்ப்பு இது எனலாம்.

இதன் நிழல் நீண்டது. ஈரான், ஈராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, யெமன் ஆகிய ஏழு நாடுகளின் மக்களுக்கு எதிராக ஜனாதிபதி டிரம்ப் 2017 ஜனவரியில் தடை விதித்தார். அதன் மூன்றாவது வடிவத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் உறுதிப்படுத்தியபோது, 1972ஆம் ஆண்டின் தீர்ப்பையும் துணைக்கு அழைத்தது. 2021இல் ஜனாதிபதி பைடன் நீக்கிய அத்தடை, 2025 ஜூனில் மேலும் பல நாடுகளை உள்ளடக்கிப் புதுவடிவில் திரும்பியது. தனிமனிதர் மீதான சந்தேகத்திற்குக் காரணம் கேட்காது விட்ட நீதித்துறை, முழுத் தேசங்களின் மீதான சந்தேகத்திற்கும் காரணத்தை ஆழ்ந்து கேட்கவில்லை.

இவ்விடத்தில் இஸ்லாமிய சட்ட மரபின் 'அமான்' என்னும் கோட்பாடு ஒப்புநோக்கத்தக்கது. எதிரி நாட்டிலிருந்து வருபவருக்கும் வழங்கப்படும் பாதுகாப்பு உறுதியே அமான். அதைப் பெற்றவர் முஸ்தஃமின் எனப்படுவார். இமாம் முஹம்மத் அஷ்ஷைபானியின் 'ஸியர்' நூலுக்கு இமாம் அஸ்ஸரக்ஸி எழுதிய விரிவுரையில் இதற்கெனப் பல அத்தியாயங்கள் உள்ளன. இக்கோட்பாட்டின் இரு கூறுகள் நமது விடயத்துடன் நேரடித் தொடர்புடையன. முதலாவது, அமான் வழங்குவது ஆட்சியாளரின் ஏகபோகம் அன்று. சாதாரணக் குடிமகனும் குடிமகளும் அதனை வழங்கலாம். மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரழி) அவர்கள் அளித்த அடைக்கலத்தை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டமை இதற்கு ஆதாரமாகும். விருந்தினரை அழைத்தவரின் சொல்லுக்கு மதிப்புண்டு என்பதே இதன் உட்பொருள். மெண்டல் வழக்கில் பேராசிரியர்கள் கோரியதும் சாராம்சத்தில் இதனையே. இரண்டாவது, தீங்கு நேரும் என அஞ்சி ஆட்சியாளர் அமானை முடிவுறுத்த நேரின், அதனை உரியவருக்கு அறிவித்து, அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்தல் வேண்டும். அல்குர்ஆனின் 9:6ஆம் வசனம் இக்கடமைக்கு அடிப்படையாக அமைந்தது. அறிவித்தலின்றி மீறுவதை ஃபுகஹாக்கள் வாக்குறுதி மோசடியாகக் கருதினர். ஒற்றர்களையும் கெடுநோக்குடையோரையும் பற்றிய எச்சரிக்கையும் அந்நூல்களில் உண்டு. பாதுகாப்பும் நீதியும் அங்கு ஒன்றையொன்று விழுங்கவில்லை.

இம்மரபைப் பெருமையுடன் சுட்டும் நாம், இன்றைய முஸ்லிம் நாடுகள் அதனைப் பேணுகின்றனவா எனவும் கேட்டாக வேண்டும். எகிப்திய அறிஞர் நஸ்ர் ஹாமித் அபூ ஸைத், 2009 டிசம்பரில் உரையாற்றுவதற்காக வீசாவுடன் குவைத் சென்றார். விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அவரது கருத்துகளுடன் உடன்படாதோர் பலர். ஆனால், வீசா வழங்கி அழைத்தவரை வாசலில் நிறுத்தித் திருப்புவது அமான் மரபுக்கு எவ்வகையில் பொருந்தும்? வொஷிங்டனிடம் நீதி கேட்கும் குரல், குவைத்தில் மௌனித்தால் அக்குரலின் நேர்மை ஐயத்துக்குள்ளாகும்.

ரமழானின் பிற்கால வரலாற்றையும் மறைத்தல் முறையன்று. 2017 முதல் அவர் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஜெனீவாவின் கீழ் நீதிமன்றம் 2023இல் அவரை விடுவித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் அவரைக் குற்றவாளியெனக் கண்டு தண்டனை விதித்தது. அன்று அவரைத் தடுத்தது சரியே எனச் சிலர் இதனைக் காட்டி வாதிடலாம். அவ்வாதம் பிழையானது. 2004ஆம் ஆண்டின் தடைக்கும் இக்குற்றத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஜெனீவாவில் குற்றச்சாட்டு குறிப்பானதாக இருந்தது, முறைப்பாட்டாளர் சாட்சியமளித்தார், குற்றஞ்சாட்டப்பட்டவர் மறுமொழி கூறினார், நீதிபதிகள் இருமுறை எடைபோட்டனர். ஒரு மனிதரின் மீது பழி நிலைபெறுவதற்கு நாகரிக சமூகம் வகுத்த வழி அதுவே. அவ்வழியில் கிட்டிய தீர்ப்பை அவரை மதித்த வாசகரும் ஏற்கக் கடமைப்பட்டோர். தூதரக அலுவலகத்தின் மௌனத்தை ஏற்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர்.

இத்துறையில் வேண்டப்படும் சீர்திருத்தம் பெரிதன்று. மறுப்புக்கான காரணம், இரகசியம் காக்கத் தேவையான அளவு போக, எழுத்தில் தரப்பட வேண்டும். மறுமொழி கூற வாய்ப்பளிக்கப்பட வேண்டும். முடிவெடுத்த அதிகாரியைச் சாராத ஒருவர், இரகசிய ஆவணங்களையும் பார்வையிட்டு, அதனை மீளாய்வு செய்ய வேண்டும். 2009ஆம் ஆண்டின் மேன்முறையீட்டுத் தீர்ப்பு இவற்றுள் முதலிரண்டின் தேவையை ஒரு வழக்கின் எல்லைக்குள் உணர்ந்தது. மூன்றாவதை அமெரிக்கச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை. எட்டாம் நூற்றாண்டின் ஃபிக்ஹ் அறிஞர்கள் எதிரி நாட்டுப் பயணிக்கு அறிவித்தலின் உரிமையை வழங்கினர் எனில், இன்றைய அரசுகள் விருந்தினராக அழைக்கப்பட்ட ஆசிரியருக்கு அதனை மறுப்பதற்குக் கூறும் நியாயம் யாது என்பதே நாம் தொடர்ந்து எழுப்ப வேண்டிய வினாவாகும்.