காவிரியின் மீனும் காவிரியில் விட்ட மீனும்

ஒகேனக்கல்லில் இறங்கிப் பரிசல் துறைக்கு நடந்தால் அருவிச் சத்தத்துக்கு முன்னால் மீன் வாசம் வந்துவிடும். வழியெங்கும் அடுப்புகள். கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய துண்டுகள் கல்லில் கிடந்து சிவக்கும். பக்கத்துப் பலகையில் பச்சை மீன்: கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, நல்ல நாளாக இருந்தால் ஒரு வாளை. "ஆத்து மீனுங்க, இப்பதான் வந்துச்சு" என்பார் விற்கும் அம்மா. அவர் சொல்வது பொய்யில்லை, ஆற்றில் பிடித்த மீன்தான். ஆனால் கட்லாவும் ரோகுவும் வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். ஜிலேபியின் தாய்மண் ஆப்பிரிக்கா. இந்தியாவுக்குள் அது வந்தது 1952இல். கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை என்று காவிரியோடு பிறந்தவற்றை அந்தப் பலகையில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்த மாற்றத்தின் பின்னால் ஒரு நடைமுறை இருக்கிறது. மீன் குறைந்தால் பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றிலும் அணையிலும் விடுவது. மீன்வளத் துறையின் சொல்லில் 'மீன்குஞ்சு இருப்பு செய்தல்', ஊரில் 'குஞ்சு விடறது'. பிடிப்பவருக்கும் மீன் வேண்டும், ஆற்றிலும் மீன் இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைக்கும் நாம் வைத்திருக்கும் ஒரே விடை பெரும்பாலும் இதுதான். முதல் தேவைக்கு இது நல்ல விடை. இரண்டாவதற்கு விடையே இல்லை என்பது என் கருத்து.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. 120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி. தண்ணீர் தேங்கும் அந்த நீர்த்தேக்கத்தின் வால், பென்னாகரம் பக்கத்து நாகமரை, ஏமனூர் வழியாக ஒகேனக்கல் அருவியின் காலடி நோக்கி நீள்கிறது. ஓடும் நீரில், பாறை இடுக்கில், கூழாங்கல் படுகையில் வாழப் பழகிய மீனுக்குத் தேங்கிய நீர் சொந்த வீடு ஆகாது. அந்தத் தேக்கத்தில் கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேய்ந்து வேகமாக வளர்ந்தன. ஆற்றில் வெள்ளம் வந்தால் மட்டுமே முட்டையிடும் இந்த மீன்களை ஊசி போட்டுத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைக்கலாம் என்று 1957 ஜூலை 10இல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி செய்து காட்டிய பிறகு குஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஊட்டமலை மீனவர் ஒருவரிடம் இதைக் குறை சொல்லிப் பேசினால், "குஞ்சு உட்டாத்தான் சார் எங்க வலையில ஏதாச்சும் விழும்" என்று நேராகச் சொல்வார். அதை மறுக்க எவருக்கும் உரிமை இல்லை. பரிசலும் வலையும் தவிர வேறு சொத்தில்லாத குடும்பங்களின் அரிசியும் பள்ளிக் கட்டணமும் அந்தக் குஞ்சுகளில் அடங்கியிருக்கின்றன.

குறை எங்கே தொடங்குகிறது? கணக்கில். இத்தனை லட்சம் குஞ்சு விட்டோம் என்பதே சாதனையாகப் பதிவாகிறது. அவற்றில் எத்தனை பிழைத்தன, அவை வந்தபின் ஏற்கெனவே இருந்த மீனுக்கு என்ன ஆனது என்ற கேள்விகளுக்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாததால் காவிரி இழந்தது என்ன என்பதற்கு மகசீரின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதுகில் திமில்போல் மேடிட்ட, துடுப்பில் ஆரஞ்சு நிறம் ஏறிய மகசீர் காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் தவிர உலகில் எங்கும் கிடையாது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் கெண்டை என்ற சொல் நம் மனதில் எழுப்பும் அளவுக்குள் அடங்காது. 1946இல் கபினியில் தூண்டிலில் விழுந்த மகசீரின் எடை 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகப் பகுதியில், இந்த மீனுக்காகவே தூண்டில் முகாம்கள் நடந்தன. பிடித்து, எடை பார்த்து, படம் எடுத்துத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும். திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களே அங்கே வழிகாட்டிகளும் காவலர்களும் ஆனார்கள். மீனைக் கொல்ல வெடித் தோட்டா வீச வருகிறவனை அவர்களின் கண் தப்பவிடாது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு.

அதே ஆற்றில்தான் நல்ல எண்ணத்தோடு ஒரு பிழையும் நடந்தது. 1970களில் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் தக்காணத்து மகசீர் பண்ணையில் பெருக்கப்பட்டு நாடெங்கும் அனுப்பப்பட்டது, காவிரியிலும் விடப்பட்டது. அது நீலத் துடுப்பு மகசீர். 'மகசீர்தானே, பெருகட்டுமே' என்று நினைத்தார்கள். அந்தத் தூண்டில் முகாம்களில் ஒன்றான காலிபோரின் 1998 முதல் 2012 வரையான பிடிப்புப் பதிவுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் பின்னர் அலசினார்கள். மொத்தத்தில் மகசீர் எண்ணிக்கை கூடியிருந்தது. பிரித்துப் பார்த்தால், கூடியது நீலத் துடுப்பு. திமில் மகசீர் அரிதாகிக்கொண்டே போயிருந்தது. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தவர்கள் பாதுகாப்பு வெற்றி என்றே சொல்லியிருப்பார்கள்.

அந்த ஆண்டுகளில் திமில் மகசீருக்கு உறுதியான அறிவியல் பெயர்கூடக் கிடையாது. 2007இல் கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவி'தான் இது என்று 2018இல்தான் நிறுவினார்கள். அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய இனமாகப் பட்டியலிட்டது. பெயர் எழுதும் முன்பே ஒரு மீனை ஆற்றிலிருந்து ஏறக்குறைய இழந்துவிட்டோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றிலும் இதே சிக்கல் உண்டு. அணைகள் வந்தன, கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் குறைந்தன, பண்ணைகள் திறந்து கோடிக்கணக்கில் குஞ்சு விட்டார்கள். பண்ணை மீன் காட்டு மீனோடு இரைக்குப் போட்டியிட்டது, கலந்து அதன் மரபையும் நீர்த்துப்போகச் செய்தது. 1991 முதல் அங்கே சால்மன் வகைகள் ஒவ்வொன்றாக அழிவாபத்துச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. அதன்பின் அவர்கள் பரவலாக்கிய ஏற்பாடு எளிமையானது: பண்ணைக் குஞ்சின் முதுகுப்புறச் சிறு துடுப்பைக் கத்தரித்துவிட்டு ஆற்றில் விடுவது. துடுப்பு இல்லாததை எடுத்துக்கொள்ளலாம், துடுப்பு இருப்பதை உயிரோடு விட்டுவிட வேண்டும். அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் மீனவர் கையில் ஒரு அளவுகோல் கிடைத்தது. காவிரியில் கத்தரிக்கவே தேவையில்லை, துடுப்பின் நிறமே அடையாளம். நீலத் துடுப்பு வலையில் விழுந்தால் எடுத்துக்கொள், ஆரஞ்சுத் துடுப்பு விழுந்தால் விட்டுவிடு என்று ஒரு பலகை எழுதி ஒவ்வொரு துறையிலும் நட எவ்வளவு செலவாகும்?

பண்ணையால் ஆகாத ஒன்றையும் காவிரி முன்பே கற்பித்திருக்கிறது. சால்மனைப்போலவே கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் உல்லம் மீனைக் காப்பாற்ற 1909இலேயே கொள்ளிடத்தில் குஞ்சு பொரிப்பு முயற்சி நடந்தது. அணை வழியை அடைத்தபின் உல்லம் பிடிப்பு சரிந்தது சரிந்ததுதான். குஞ்சு பொரிக்கலாம், ஏறிப்போகும் பாதையைப் பொரிக்க முடியாது.

பழியை எல்லாம் குஞ்சின் மேலும் போட முடியாது. கோடையில் நீர் வற்றும்போது பெரிய மீன்கள் ஆழ்ந்த மடுக்களில் ஒதுங்கும். அங்கே ஒரு தோட்டா வெடித்தால் பிடித்தது பத்து, செத்து அடியில் தங்கியது நூறு. இதை 1897ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது; நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுக் குட்டைகளில் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு மழையில் குட்டை உடைந்தால் அது ஆற்றுக்குள், பிறகு அதைத் திரும்பப் பிடித்து முடிக்க எவராலும் ஆகாது. இந்த இரண்டிலும் கண்டிப்பு மட்டுமே செல்லும்.

வலைக்காரரிடம் கண்டிப்பு மட்டும் செல்லாது. 2022இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அரசு அறிவித்தது. ஆற்றோரக் காடு காப்பாற்றப்படுவது ஆற்றுக்கு நல்லது. ஆனால் சரணாலயம் மீனவரைத் திருடராக மட்டும் பார்க்கத் தொடங்கினால் ஆறு தன் காவலர்களை இழக்கும். தூண்டில் முகாம்கள் மூடப்பட்டபின் கர்நாடகக் கரையில் இழந்தது அந்தக் கண்களைத்தான்.

என் தீர்ப்பு இது. அணையை அறுவடைக்கு விடுங்கள். அங்கே கட்லாவும் ரோகுவும் தாராளமாக விடப்படட்டும், நாகமரையும் ஏமனூரும் பிழைக்கட்டும். அருவிக்கு மேலுள்ள ஓடும் ஆற்றில் வெளிக்குஞ்சு ஒன்றுகூட வேண்டாம். விடத்தான் வேண்டுமென்றால் காவிரிப் படுகையின் தாய்மீனிலிருந்து பொரித்ததை மட்டும் விடுங்கள். புது வெள்ளம் வந்து மீன் மேலே ஏறும் வாரங்களில் அந்தப் பகுதியில் வலைக்கு ஓய்வு கொடுங்கள். கடல் மீனவருக்கு 61 நாள் தடைக்காலத்துக்கு நிவாரணம் உண்டு. 2023இல் அது 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. அதே நியாயம் ஆற்று மீனவருக்கும் வேண்டும். வெள்ளத்தில் பரிசலும் ஓடாமல் வலையும் விழாமல் அவர் வீட்டில் உட்காரும் நாட்கள் அவை.

2025இல் தமிழக அரசு அழியும் நிலையிலுள்ள நான்கு உயிரினங்களுக்கென 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. அவற்றில் ஒன்று காவிரியின் திமில் மகசீர். அந்தப் பணத்தின் முதல் ரூபாய் கணக்கெடுப்புக்குப் போக வேண்டும், எடுப்பவர்கள் பரிசல்காரர்களாக இருக்க வேண்டும். மாநில எல்லையில், பிலிகுண்டுலுவில் காவிரி நீரை நாள்தோறும் கன அடிக் கணக்கில் அளக்கிறோம். அந்த நீரில் வரும் மீனையும் எண்ணத் தொடங்குங்கள்.