வாட்டம் கிடைக்காத அறைக்கு ஒரு கழிவறை

கழிவறைக் குழாய்க்கு வாட்டம்தான் உயிர். நான்கு அங்குலக் குழாய் போட்டால் நாற்பது அடிக்கு ஓர் அடி இறக்கம் வேண்டும் என்பது மேஸ்திரிகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கணக்கு. அதியமான்கோட்டையில் என் அத்தை வீட்டில் அந்த ஓர் அடி கிடைக்கவில்லை. பழைய வீடு, செப்டிக் டேங்க் தெருப்பக்கம் இருக்கிறது. அத்தையின் அறையோ பின்கட்டில், தரையும் பின்னால் போகப் போகத் தாழ்கிறது. புதிதாகத் தொட்டி தோண்டலாம் என்றால் கடப்பாரை சீக்கிரமே பாறையில் மோதுகிறது. தர்மபுரிப் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்கு இந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அத்தையால் இரவில் முன்வாசல் கழிவறைக்கு நடந்து போக முடியவில்லை. "நான் தண்ணி குடிக்கிறதையே கொறச்சுட்டேன் தம்பி" என்றார். வயதானவர்கள் பலர் வெளியே சொல்லாமல் செய்வது இது. உடம்புக்குக் கெடுதல். அறையை ஒட்டியே கழிவறை வேண்டும் என்று அன்றே முடிவானது. அதற்காக வாங்கியதுதான் மேசரேட்டர் என்ற அரவைப் பெட்டி.

பிரான்ஸின் எஸ்.எஃப்.ஏ. நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த சாதனம் இது. இன்று சானிஃப்ளோ என்ற பெயரில் இந்தியாவிலும் விற்கிறார்கள். வேறு நிறுவனங்களின் பெட்டிகளும் கிடைக்கின்றன. வேலை செய்யும் விதம் எளிது. பேசினுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஃபிளஷ் செய்ததும் கழிவும் நீரும் அதற்குள் வருகின்றன. நீர்மட்டம் ஏறும்போது உள்ளே அடைபட்ட காற்று ஒரு ரப்பர் சவ்வை அழுத்த, சவ்வு சுவிட்சைத் தட்டுகிறது, மோட்டார் ஓடுகிறது. மிக்ஸியைப் போலச் சுழலும் பிளேடு கழிவைக் கூழாக்க, அதே மோட்டாரில் இணைந்த பம்பு அதை மெல்லிய குழாய் வழியே மேலே தள்ளுகிறது. மட்டம் இறங்கியதும் மோட்டார் தானாக நிற்கும். நான்கு அங்குலக் குழாய்க்குப் பதில் 32 மில்லிமீட்டர் குழாய் போதும். தரையை உடைக்க வேண்டாம். இந்த வீட்டுக்கு அதுதான் பெரிய வரம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது பேசினின் பின்வாய். நம் ஊர்க் கடைகளில் தரைக்குள் இறங்கும் எஸ்-டிராப் பேசின்கள் நிறைய உண்டு. அவை இதற்குப் பொருந்தாது. பின்பக்கமாக நேராக வெளியேறும் பி-டிராப் பேசின்தான் வேண்டும். தரையோடு பதிக்கும் இந்தியன் பேசினில் இதை மாட்ட வழியில்லை.

குழாய்ப் பாதையில்தான் பிளம்பரோடு பெரிய விவாதம் நடந்தது. சுவரோரமாகப் படுக்கையில் கொண்டுபோய்க் கடைசியில் மேலே ஏற்றலாம் என்றார் அவர். கூடாது. பெட்டியை விட்டு வெளியே வந்ததுமே குழாய் நேராக மேலே ஏற வேண்டும்; தேவையான உயரம் முழுவதையும் அங்கேயே ஏறிவிட்டு, பிறகுதான் படுக்கையில் போக வேண்டும். படுக்கைக் குழாய்க்கும் ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும். அப்போதுதான் மோட்டார் நின்ற பிறகு குழாயில் மிச்சமிருப்பது தானாக ஓடித் தொட்டிக்குப் போகும். இல்லையென்றால் கூழ் தேங்கிக் காய்ந்து அடைக்கும். திருப்பங்களில் 90 டிகிரி எல்போ போடாமல் இரண்டு 45 டிகிரி எல்போக்களைச் சேர்த்துப் போடச் சொன்னேன். தோட்டத்து ஹோஸ் மாதிரி வளையும் குழாய் வேண்டவே வேண்டாம், நடுவில் தொய்ந்துவிடும். சாதாரண வீட்டுப் பெட்டிகள் நான்கைந்து மீட்டர் உயரம்வரை ஏற்றும். ஆனால் ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் படுக்கையில் ஏறக்குறைய பத்து மீட்டர் குறையும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

மின்சாரத்துக்குத் தனி இணைப்பு, 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். ஈரமான அறையில் இருக்கும் மோட்டார் இது. இதில் காசு மிச்சம் பிடிப்பவர் உயிரோடு விளையாடுகிறார். பெட்டியை டைல்ஸ் ஒட்டி மூடிவிட மேஸ்திரி ஆசைப்பட்டார், பார்க்க அழகாக இருக்குமாம். நான் விடவில்லை. மூடியைத் திறக்கவும் பெட்டியை வெளியே இழுக்கவும் இடம் இல்லாத மேசரேட்டர், முதல் பழுதிலேயே சுவர் உடைக்க வைக்கும்.

இனி பயன்பாடு. ஒரு ஃபிளஷுக்குப் பத்திலிருந்து இருபது விநாடி மோட்டார் ஓடுகிறது. சத்தம் உண்டு, இரவில் அடுத்த அறையில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். பெட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, சுவரில் உரசாமல் நகர்த்தி வைத்ததும் அதிர்வு நன்றாகக் குறைந்தது. மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 400 வாட் மோட்டார், நாளுக்கு இருபது ஃபிளஷ், ஒவ்வொன்றும் கால் நிமிடம் என்று வைத்தால் மாதத்துக்கு ஒரு யூனிட்தான். நாற்றம் இல்லை. ஹெல்த் ஃபாசெட்டில் கழுவும் தண்ணீரையும் சிரமமில்லாமல் வாங்கிக்கொள்கிறது.

உண்மையான சோதனை தேய்பிறை அஷ்டமியன்று வந்தது. அன்றைக்கு இங்குள்ள காலபைரவர் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் திரளும். கோயிலுக்கு வந்த உறவுக்காரர்கள் இந்த வீட்டிலும் நிறைந்திருந்தார்கள். இடைவெளியே இல்லாமல் ஒருவர் பின் ஒருவராகப் போனதில் மோட்டார் சூடேறி, உள்ளிருக்கும் வெப்பப் பாதுகாப்பு அதை நிறுத்திவிட்டது. ஆறியதும் தானே ஓடியது. பழுது இல்லை, அதன் எல்லை அவ்வளவுதான். விட்டுவிட்டு ஓடுவதற்கென்றே செய்த மோட்டார் இது. விருந்து நாளில் முன்வாசல் கழிவறையைத்தான் மற்றவர்கள் பயன்படுத்த வேண்டும். மின்வெட்டின்போதும் இதே கதை: ஒருமுறைக்கு மேல் ஃபிளஷ் செய்தால் கழிவு பேசினிலேயே நிற்கும். இன்வர்ட்டரில் இணைப்பதென்றால், ஓடத் தொடங்கும்போது மோட்டார் இழுக்கும் கூடுதல் மின்சாரத்தைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பிரிட்டனின் கட்டட விதிகள் வாட்டத்தில் ஓடும் சாதாரணக் கழிவறை ஒன்று வீட்டில் இருந்தால்தான் மேசரேட்டரை அனுமதிக்கின்றன. மின்சாரம் ஒழுங்காக வரும் நாட்டிலேயே அப்படி.

சில மாதங்கள் கழித்து மோட்டார் நிற்காமல் நெடுநேரம் ஓடத் தொடங்கியது. இதற்குக் காரணங்கள் சில உண்டு, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். முதலில் ஃபிளஷ் டேங்கின் தண்ணீரை அடைத்துவிட்டுக் காத்திருந்தோம். டேங்கிலிருந்து பேசினுக்குள் நீர் கசிந்தால் அதுவே பெட்டியை நிரப்பி மோட்டாரை ஓட்டும். கசிவு இல்லை. யாரும் பயன்படுத்தாமலே அவ்வப்போது ஓடி நின்றால், மேலேறிய நீர் திரும்பி இறங்குகிறது, நான்-ரிட்டர்ன் வால்வைப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லை. 'உம்' என்று முனகி பிளேடு சுழலாவிட்டால் ஏதோ சிக்கியிருக்கும், அல்லது கெபாசிட்டர் போயிருக்கும். சத்தமே இல்லையென்றால் மின்சாரம், சவ்வு, சுவிட்ச் என்று போக வேண்டும். இங்கே மோட்டார் நன்றாகச் சுழன்றது, நீரும் வெளியேறியது, ஆனால் நிற்கத்தான் தெரியவில்லை. சவ்வுக்குக் காற்று போகும் வழியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது.

தர்மபுரியின் நிலத்தடி நீரைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. ஃபுளோரைடு பாதிப்புக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்த மாவட்டம் இது. குடிக்கக் காவிரி நீர் வந்தாலும் அத்தை வீட்டுக் கழிவறைக்கு ஓடுவது போர் தண்ணீர்தான். ஃபுளோரைடு மட்டுமல்ல, அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பும் உண்டு; அது பிளேடிலும் சவ்விலும் படிகிறது. பலர் வீட்டில் கைவசம் இருக்கும் கழிவறை ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள். எவர்சில்வர் பிளேடையும் ரப்பரையும் அது அரிக்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, ஓரிரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு மின்சாரம் கொடுத்து நல்ல தண்ணீரால் பலமுறை ஃபிளஷ் செய்ய வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும். அத்தை வீட்டில் இப்போது இதை வழக்கமாகவே செய்கிறார்கள். மோட்டார் மறுபடி ஒழுங்காக நிற்கிறது.

பெட்டியைத் திறக்கும் வேலையைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வேலைக்கு வருபவர் மனிதர். அவரை அழைக்கும் முன் வீட்டுக்காரரே நல்ல தண்ணீரும் கிருமிநாசினியும் ஊற்றிப் பலமுறை ஓட்டிப் பெட்டியைக் கழுவி வைக்க வேண்டும்; மோட்டாரே ஓடவில்லையென்றால் அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். மேலேறும் குழாயில் நிற்கும் நீர் மூடியைக் கழற்றும்போது கொட்டும் என்பதால் வாளி வையுங்கள். கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். பெரும்பாலான அடைப்புக்குக் காரணம் வீட்டிலிருப்பவர் போடும் நாப்கின், ஈரத் துடைப்பான், பஞ்சு, முடி. மலம், சிறுநீர், டாய்லெட் பேப்பர், தண்ணீர் தவிர வேறொன்றும் அதில் விழக் கூடாது. கூழாகிப் போகும் கழிவு செப்டிக் டேங்கில் படிய நேரம் எடுக்கும். ஆகவே தொட்டியின் நுழைவாயிலில் 'T' வடிவக் குழாய் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், நிறையும் முன் லாரியில் உறிஞ்சி எடுங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

விலை அதிகம். ஊரகத்தில் தனிநபர் கழிவறைக்கு அரசு தரும் 12,000 ரூபாய் இந்தப் பெட்டிக்குக் கிட்டவும் வராது. வாங்கும்போதே சவ்வு, கெபாசிட்டர், வால்வு ஆகியவை தனியாகக் கிடைக்குமா, சேலத்திலோ பெங்களூரிலோ இருந்து ஆள் வருவாரா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு இது. வாட்டம் கிடைக்கும் இடத்தில் நான்கு அங்குலக் குழாய் போடுங்கள்; அதற்கு மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வாட்டமே கிடைக்காத அறையில் ஒரு முதியவரோ நோயாளியோ இருந்தால், வீட்டில் வேறொரு சாதாரணக் கழிவறையும் இருந்தால், தயங்காமல் மேசரேட்டர் வாங்குங்கள். அத்தை இப்போது இரவிலும் வேண்டிய அளவு தண்ணீர் குடிக்கிறார்.