தாழப் பறத்தலும் உயரப் பறத்தலும்: போர்முனைப் போக்குவரத்து விமானங்களின் பாதுகாப்பு முறைகள்

உணவு, வெடிபொருள், எரிபொருள், மருந்து ஆகியவற்றைப் படைகளுக்குக் கொண்டுசேர்த்து, காயமுற்றோரை ஏற்றித் திரும்பும் படைத்துறைப் போக்குவரத்து விமானம், போர் விமானத்துக்குரிய வேகமோ ஆயுதமோ இல்லாமல், எதிரி முன்கூட்டியே அறிந்துள்ள ஓர் ஓடுபாதைக்கு வந்தே தீர வேண்டிய ஊர்தியாகும். உயரத்தில் செல்லும் வரை சாதாரண ஆயுதங்கள் அதை எட்டுவதில்லை. இறங்கும்போதும் ஏறும்போதும் கழியும் சில நிமிடங்களிலேயே அது பெரும்பாலும் தாக்கப்படுகிறது. அந்த நிமிடங்களைக் கடப்பதற்கு விமானப் படைகள் வகுத்துக்கொண்ட முறைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறிப்பிட்ட ஆயுதத்துக்கு எதிராகப் பிறந்தவை. எதிரியின் கையில் ஆயுதம் மாறியதும், அதே முறையே விமானத்தை அவனிடம் காட்டிக்கொடுத்திருக்கிறது.

தாழப் பறத்தல் இவற்றுள் பழையது. தரைக்குச் சில நூறு அடி உயரத்திலோ அதற்கும் கீழோ நில அமைப்பை ஒட்டிச் செல்லும் இம்முறையில், நேர்கோட்டில் செல்லும் ரேடார் அலைகளைக் குன்றுகளும் பூமியின் வளைவும் தடுத்துவிடுவதால், ரேடார் துணையுடன் இயங்கும் ஏவுகணைகளால் விமானத்தைக் குறிவைக்க முடிவதில்லை. சோவியத் ஏவுகணைகளை எதிர்பார்த்திருந்த மேற்கு நாட்டு விமானப் படைகள் பனிப்போர்க் காலத்தில் இதைப் பெரிதும் பயிற்றுவித்ததற்கு இதுவே காரணம். மரமுகடுகளுக்கு மேலே தோன்றி மறையும் விமானத்தைக் குறிபார்க்கத் தரையில் நிற்பவனுக்குச் சில நொடிகளே கிடைக்கும் என்பதும் இதன் வலிமையாகச் சொல்லப்படுகிறது. ஆனால், பாதை நெடுகிலும் ஆயுதம் தாங்கியோர் சிதறிக் கிடக்கும் நாட்டில், ஒருவனுக்குக் கிடைக்கும் சில நொடிகள் அடுத்தவனுக்கும் அவனை அடுத்தவனுக்கும் கிடைக்கின்றன. ரேடாரே இல்லாத எதிரியிடம் ரேடாருக்கு அஞ்சித் தாழப் பறப்பது, அவனிடமுள்ள இயந்திரத் துப்பாக்கிக்கு விமானத்தை அருகே கொண்டுசென்று கொடுப்பதாக முடியும்.

2005 ஜனவரி 30 அன்று பாக்தாத்திலிருந்து வடக்கே பலாத் விமானத்தளத்துக்குச் சென்ற பிரித்தானிய ஹெர்குலிஸ் (சி-130) விமானத்துக்கு நேர்ந்தது இதுவே. பகல் வெளிச்சத்தில் தாழப் பறந்த அந்த விமானம் தரையிலிருந்து சுடப்பட்டது. வலது இறக்கையிலிருந்த எரிபொருள் தொட்டி வெடித்து, இறக்கையின் வெளிப்பகுதி பிய்ந்துபோனது. அதிலிருந்த 10 பேரும் மாண்டனர். எரிபொருள் குறையக் குறையத் தொட்டியின் காலியிடத்தில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். தீப்பற்றவைக்கும் ஒரு குண்டு அங்கே நுழைந்தால் தொட்டியே வெடிகுண்டாகிவிடும். இதைத் தடுக்கக் கடற்பஞ்சு போன்ற நுரைப்பொருளைத் தொட்டிக்குள் நிரப்பும் முறை உண்டு. சுடர் ஒரு மூலையில் தோன்றினாலும் பரவ வழியின்றி அங்கேயே அணைந்துவிடும். வியட்நாம் போர்க் காலத்திலிருந்தே அமெரிக்க ஹெர்குலிஸ் விமானங்களில் இந்த நுரை இருந்தது. சுட்டு வீழ்த்தப்பட்ட பிரித்தானிய விமானத்தில் இல்லை. 2008இல் முடிவுற்ற மரண விசாரணை, அமைப்பு முழுவதிலும் கடுமையான குறைபாடுகள் இருந்தமையை இறப்புகளுக்குக் காரணமாகச் சுட்டியது.

இந்நிகழ்வைத் தாழப் பறத்தலின் தோல்வியாக மட்டும் கொள்வது பொருந்தாது. பறக்கும் முறையை மாற்றுவதற்குச் செலவில்லை. விமானியின் திறமையை நம்பி அதனை உத்தரவிட்டுவிடலாம். தொட்டியில் நுரை நிரப்பவோ பணமும் நாளும் வேண்டும், விமானத்தைப் பணியிலிருந்து சிறிது காலம் விலக்கவும் வேண்டும். கருவி செய்ய வேண்டியதை விமானியின் திறமை ஈடுசெய்துவிடும் என்ற எண்ணம் இத்தகைய முறைகளுக்குள் ஒளிந்திருக்கும் பெருங்குறை எனலாம். விமானிகள் பலமுறை அதை ஈடுசெய்தும் விட்டதால், குறை வெளியே தெரியாமலே போயிற்று.

மறுமுனையில் நிற்பது உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் முறை. வெப்பத்தை நாடிச் செல்லும் ஏவுகணையைத் தோளில் வைத்து ஏவலாம் என்ற நிலை வந்ததும் இதன் தேவை கூடியது. எஞ்சினிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரைப் பின்தொடரும் இத்தகைய ஏவுகணைகளுள் சோவியத் ஒன்றியத்தின் ஸ்ட்ரெலா-2 பெயர்பெற்றது. இதற்கு ரேடாரும் வேண்டாம், வாகனமும் வேண்டாம், ஒரே ஆள் போதும். ஆகவே இவற்றின் எல்லைக்கு மேலேயே பறந்து வந்து, காவலுள்ள ஓடுபாதையின் நேர்மேலே சுழன்று சுழன்று இறங்குவது வழக்கமாயிற்று. எதிரி பதுங்கக்கூடிய சுற்றுப்புறத்தின் மேல் தாழ்வாகச் செல்லும் நேரத்தை இது பெரிதும் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. எனினும் இறங்குவதற்கு உதவும் இம்முறை ஏறுவதற்கு அவ்வளவாக உதவுவதில்லை; சுமையோடு முழு விசையில் எஞ்சின்கள் கொதிக்க மெல்ல மேலேறும் விமானத்தைவிட வெப்பம் தேடும் ஏவுகணைக்கு வாய்ப்பான இலக்கு வேறில்லை. 2003 நவம்பர் 22 அன்று பாக்தாத்திலிருந்து கிளம்பிய டிஎச்எல் நிறுவனத்தின் ஏர்பஸ் சரக்கு விமானம், ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் மேலேறிக்கொண்டிருந்தபோதே தாக்கப்பட்டது. திரவ அழுத்தக் கட்டுப்பாடுகள் அனைத்தும் செயலிழந்த நிலையில், எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே மூவர் குழு அதைத் திரும்பத் தரையிறக்கியது வானூர்தி வரலாற்றில் அரிய செயல். அதை முன்மாதிரியாகக் கொண்டு எவரும் திட்டம் வகுக்க முடியாது.

ஏவுகணையைத் திசைதிருப்ப எரியவிடும் மக்னீசிய வெப்பப் பொறிகளும் துணைக்கருவியே. கையிருப்பு தீர்ந்ததும் பயனும் தீரும், புதிய ஏவுகணைகளோ பொறியையும் எஞ்சினையும் பிரித்தறிய வல்லவை. ஆபத்து தெரிந்தும் பறப்பதைத் தவிர வேறு வழியில்லாத இடங்களும் உண்டு. இலங்கையில் 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய அடுத்தடுத்த இரு நாள்களில் விமானப்படையின் இரண்டு ஆவ்ரோ விமானங்கள் பலாலி அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு, 90க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்த படைகளுக்குத் தரைவழி இல்லாத நிலையில், வானும் கடலுமே வழிகள்; அத்தகைய இடத்தில் எதிரியிடம் ஏவுகணை வந்து சேர்ந்துவிட்டது எனத் தெரிந்த பிறகும் விமானம் பறந்தாக வேண்டியிருந்தது.

இறங்காமலேயே சுமையைப் போட்டுவிட்டுப் போனால் என்ன என்ற கேள்விக்கு, வியட்நாம் போரில் அமெரிக்கத் தளமான கே சானின் முற்றுகை ஒரு விடை தருகிறது. 1968 ஜனவரியில் தொடங்கிய அம்முற்றுகையில், பிப்ரவரி 10 அன்று எரிபொருள் ஏற்றிவந்த கேசி-130 ஒன்று ஓடுபாதையில் எரிந்துபோனது. அம்மாத இறுதிக்குள் பெரிய சி-130 விமானங்களின் தரையிறக்கம் கைவிடப்பட்டது. அதன்பின் பாரசூட் மூலமும், ஓடுபாதையை உரசாத குறையாகத் தாழப் பறக்கும் விமானத்திலிருந்து பாரசூட் இழுவிசையால் சரக்குப் பலகையை வெளியே இழுக்கும் முறையிலும் பெருமளவு பொருள்கள் வழங்கப்பட்டன. பின்னது துல்லியமானதே; ஆயினும் பிடியை மீறி ஓடிய சரக்கு தரையிலிருந்தோரின் உயிரையும் வாங்கியது. அதே போரில் 1972இல் ஆன் லாக் நகரில் தாழ்வாகப் பறந்து சரக்குப் போடும்போது சி-130 விமானங்கள் வீழ்த்தப்பட்டன. உயரத்திலிருந்து போடத் தொடங்கியதும் விமானங்கள் தப்பின, ஆனால் தொடக்கத்தில் பாரசூட்டுகள் சரிவர இயங்காமையால் சரக்குகளில் பல வீணாயின அல்லது எதிரியிடம் சேர்ந்தன. பாரசூட் மடிப்பு திருத்தப்பட்டு, தரை ரேடாரின் வழிகாட்டலும் அமைந்த பின்னரே அம்முறை நிலைபெற்றது. செயற்கைக்கோள் வழிகாட்டலுடன் தானே திசைதிரும்பி இறங்கும் பாரசூட்டுகளை அமெரிக்கப் படை 2006 முதல் ஆப்கானிஸ்தானில் பயன்படுத்தியபோது, உயரம், துல்லியம் என்னும் பழைய முரண்பாடு பெருமளவு தீர்ந்தது.

சரக்கைப் பொறுத்தவரையே இந்தத் தீர்வு. பாரசூட் இறக்குமே தவிர ஏற்றாது. கே சானில் பெரிய விமானங்கள் விலகிய பிறகும், காயமுற்றோரை அகற்றவும் மாற்று வீரர்களைக் கொண்டுவரவும் குறுகிய ஓடுபாதையே போதுமான சி-123 விமானங்கள், பீரங்கிக் குண்டுகள் விழும் இடைவெளியில் இறங்கிச் சில நிமிடங்களில் திரும்ப எழ வேண்டியிருந்தது. மார்ச் 6 அன்று அவற்றுள் ஒன்று ஏறக்குறைய 50 பேருடன் சுட்டு வீழ்த்தப்பட்டது. சரக்குப் போடும் கருவிகள் எவ்வளவு துல்லியமானாலும், முற்றுகையிடப்பட்ட இடத்தில் வெளியேற்றப்பட வேண்டிய மனிதர்கள் இருக்கும் வரை, யாரேனும் ஒரு விமானி அந்த ஓடுபாதையில் இறங்கத்தான் வேண்டும். அவருடைய விமானத்தின் எரிபொருள் தொட்டிக்குள் நுரை இருக்கிறதா என்பதே அப்போது முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.