'மிஸஸ்' என்ற பெயரில் ஒரு பூ

அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1939இல் வெளியிட்ட பெயர்ப் பட்டியலை ஒரு பெண்ணியப் பிரதியாக வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பதிவும் ஓரிரு வரிதான்: பூவின் பெயர், வகைக்கும் நிறத்துக்குமான குறியெழுத்துகள், அடைப்புக்குறிக்குள் உருவாக்கியவரின் பெயர், ஆண்டு. பார்வைக்கு யார் பக்கமும் சாயாத மொழி.

'மிஸஸ் ஹோரஸ் டார்வின்' என்ற வெள்ளை ஐரிஸை எடுத்துக்கொள்வோம். கேம்பிரிட்ஜ் உடலியல் பேராசிரியர் மைக்கேல் ஃபாஸ்டர் 1888இல் தந்த பூ அது. பெயருக்குரியவர் ஐடா டார்வின். மனவளர்ச்சி குன்றியோரின் பராமரிப்புக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மருத்துவமனைக்கே பின்னாளில் அவர் பெயரை வைத்தார்கள். பூவின் பதிவிலோ 'ஐடா' இல்லை. கௌரவிக்க வைத்த பெயரே ஆளை மறைத்துவிடுகிறது.

பூவை உருவாக்கிய பெண்களின் நிலை வேறு. மாசசூசெட்ஸைச் சேர்ந்த கிரேஸ் ஸ்டர்டெவன்ட், 'ஷெக்கினா' உள்ளிட்ட புகழ்பெற்ற வகைகளைத் தந்தவர். குடும்பப் பெயரை மட்டும் பார்க்கும் வாசகர் அவரை ஆண் என்றே எடுத்துக்கொள்வார். இங்கிலாந்தின் கேத்தரின் டைக்ஸுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். கணவர் வில்லியம் டைக்ஸ் 1925இல் இறந்தார். 'டபிள்யூ. ஆர். டைக்ஸ்' என்ற மஞ்சள் ஐரிஸ் அதற்குப் பிறகுதான் வெளியுலகுக்கு வந்தது. கேத்தரினின் சொந்தப் படைப்பான 'குட்ருன்' 1931இல் பிரிட்டனில் பெற்ற விருதும் டைக்ஸ் பதக்கமே.

இதை ஆண்கள் எழுதிய பட்டியல் என்று தள்ளிவிட முடியாது. இதன் பதிப்பாசிரியர் எத்தல் பெக்கம் என்ற பெண். சிதறிக் கிடந்த பெயர்களை அவர் ஒழுங்குபடுத்தியிராவிட்டால், இந்தக் கேள்விகளைக் கேட்கக்கூட நம்மிடம் ஆவணம் இருந்திராது. ஆண்டையும் பெயரையும் சேர்த்துப் படித்தால் மறைந்தவர்களைத் தேடும் வழி இந்தப் பட்டியலிலேயே கிடைக்கிறது.

என் விமர்சனம் பதிவின் வடிவத்தின் மீது. ஐரிஸ் கலப்பினங்கள் விதையிலிருந்து தாய்ச்செடி மாதிரியே வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிழங்கைத் தோண்டி, பிரித்து, மறுபடி நட்டால்தான் அதே பூ நீடிக்கும். 1888இன் பூ இன்றும் பூக்கிறதென்றால், அத்தனை காலமும் யாரோ அதைச் செய்துவந்திருக்கிறார்கள். உருவாக்கியவருக்குப் பட்டியலில் இடமுண்டு; காப்பாற்றியவருக்கு இல்லை. வீட்டுவேலைக்குக் கணக்கு வைக்காத அதே பழக்கம்தான் இதுவும். பழைய வகைகளைப் பாதுகாப்பவர்கள் இனி எழுதும் குறிப்புகளிலாவது, 'மிஸஸ்' என்பதற்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயரையும், கிழங்கைக் கைமாற்றித் தந்தவர்களின் பெயர்களையும் சேர்க்க வேண்டும்.