கார்டில் வரும் ரம்

முன்னாள் படைவீரருக்கு அரசு தரும் சலுகைகளில் ஊரார் வாய்விட்டு விசாரிப்பது ஒன்றைத்தான். மருத்துவத் திட்டம் பற்றியோ, பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகை பற்றியோ யாரும் கேட்பதில்லை. "அண்ணே, இந்த மாசம் கோட்டா எடுத்தாச்சா?" என்பார்கள். மிலிட்டரி கேன்டீனில் கார்டை நீட்டினால் மாதத்துக்கு இத்தனை பாட்டில் என்று மது கிடைக்கும். சிப்பாய்க்குக் குறைவு, அதிகாரிக்குக் கூடுதல். விலையோ டாஸ்மாக் விலைக்குப் பக்கத்தில் வராது. பணியில் இருக்கும்வரைதான் என்றில்லை, ஓய்வுக்குப் பிறகும் இது தொடர்கிறது. குடியில் சிக்கி மீளப் பார்க்கும் முன்னாள் வீரர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மனச்சுமை, போர் நினைவு, தனிமை என்றெல்லாம் பேசுகிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கார்டை மட்டும் ஏனோ தொடுவதில்லை.

ஒரேயடியாக இதைத் திட்டித் தீர்ப்பது சுலபம். அப்படித் தீர்ப்பவர்கள் கள்ளக்குறிச்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அங்கே அறுபது பேருக்கு மேல் பலியானார்கள். கேன்டீன் பாட்டிலில் அந்தப் பயம் இல்லை. அதோடு கோட்டா என்பது ஒரு வரம்பு. டாஸ்மாக் யாருக்கும் மாத வரம்பு வைப்பதில்லை. யார் எந்த மாதம் எத்தனை வாங்கினார் என்ற கணக்கும் கேன்டீனில் இருக்கிறது. டாஸ்மாக்கில் இப்படியொரு பதிவு கிடையாது. அதைக் குடிநோயை முன்கூட்டிக் கண்டுகொள்ளப் பயன்படுத்தலாமே என்று யாருக்கும் தோன்றாதது வேறு விஷயம்.

படைமுகாமுக்குள் இந்த ஏற்பாட்டைச் சுற்றி ஒரு வேலியும் இருந்தது. படா கானா என்னும் கூட்டு விருந்தன்று இரவு எவ்வளவு ஆட்டம் போட்டாலும் விடிந்தால் பி.டி.க்கு நிற்க வேண்டும். கால் தடுமாறினால் சுபேதார் சாஹிப் கண்ணில் படும். பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைப்பான். அங்கே மது மணியடித்து வந்தது, மணியடித்துப் போனது. பதினைந்து ஆண்டு சர்வீஸ் முடித்தால் பென்ஷன் என்பதால் சிப்பாய்களில் பலர் நாற்பதை ஒட்டியே ஊர் திரும்புகிறார்கள். 2022க்குப் பின் சேர்ந்த அக்னிவீரர்களின் கதை தனி. பென்ஷனோடு திரும்பியவருக்கு அந்த மணி இல்லை, பி.டி. இல்லை, சுபேதார் இல்லை. வங்கி வாசலிலோ ஏ.டி.எம். வாசலிலோ காவல் வேலை கிடைக்கும். ரம் மட்டும் பழையபடி வந்துகொண்டிருக்கும்.

வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைக்கு நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அங்கே ஹெராயின் மலிவு, கலப்படமும் குறைவு. சிகரெட்டில் சேர்த்துப் புகைத்தார்கள். 1971இல் விஷயம் வாஷிங்டனை உலுக்கியது. நாடு திரும்ப விமானம் ஏறும் முன் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயமாயிற்று. தேறாதவரைச் சில நாள் நிறுத்தி வைத்து, போதை இறங்கிய பிறகே அனுப்பினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் திரும்பிய சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்பிடித்து விசாரித்தார். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர். அப்படி இருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம். மூன்று ஆண்டுக் கணக்கில் 12 சதவீதம். அன்று பலரும் இதை நம்ப மறுத்தார்கள்.

இந்த ஆய்வைக் காட்டி, இடத்தை மாற்றினால் போதை ஓடிவிடும் என்று பேசுகிறவர்கள் உண்டு. அவ்வளவு எளிதல்ல. அவர்கள் ஊரில் அதே சரக்கு விலை அதிகம், வீரியம் குறைவு, ஊசி போட வேண்டும், போலீஸ் பயம் வேறு. இடம் மாறியதோடு விலையும் வழியும் மாறின. நம் சிப்பாய்க்கு நடப்பது நேர் எதிர். இடம் மாறுகிறது, பொருளும் மலிவும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுகின்றன. ஹெராயினும் ரம்மும் ஒன்றல்லதான். ஆனால் மலிவும் கைக்கெட்டும் தூரமும் எந்தப் போதைக்கும் பொது.

அடுத்தது எனக்குக் கோபமே வரவைக்கிற முரண். மதுவால் வந்த உடற்குறைக்கு ஊன ஓய்வூதியம் கிடையாது என்கின்றன ராணுவ விதிகள். அளவுமீறிக் குடிப்பது அவரவர் கட்டுப்பாட்டில் உள்ள விஷயமாம். சலுகை விலையில் விற்கும்போது அது நலத்திட்டம், கல்லீரல் கெட்டால் தனிமனித ஒழுக்கம்! பணியில் இருக்கும்போதே குடிநோய் என்று தெரிந்தால் மருத்துவத் தரம் இறங்கும், பதவி உயர்வு தட்டும். அதனால் மறைக்கிறார்கள். மறைத்த நோய் ஊருக்கு வந்து முற்றுகிறது.

மீட்சிக்கு வருவோம். 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிப்பவரோடு குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்தது. குடி ஒரு குடும்ப நோய் என்ற அந்தப் புரிதல் முன்னாள் வீரர் வீட்டில் இன்னொரு விதத்திலும் பொருந்தும். கேன்டீன் பாட்டில் அந்த வீட்டின் செல்லுபடியாகும் நாணயம். "பாதுகாப்புப் படையினருக்கு மட்டும்" என்று லேபிளில் அச்சிட்டிருந்தாலும் கரன்ட் கம்பி இழுக்க வந்தவருக்கு ஒன்று, தாலுகா ஆபீசில் ஒன்று, கல்யாணத்துக்கு நாலு என்று போகும். விற்பது குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும், விற்கும் விலையும் தெரியும். அந்த முன்னாள் வீரர் குடியை விட்டுவிட்டால் கோட்டா நின்றுவிடுமா? "நீங்க குடிக்காட்டி என்ன மச்சான், எனக்கு வாங்கிக் குடுங்க" என்பார் மைத்துனர். மூன்று மாதமாகச் சுத்தமாக இருப்பவர் எண்ணெயும் சோப்பும் வாங்கப் போன இடத்தில், பழைய யூனிட் தோழர்கள் நிற்கும் வரிசையில் தானும் நின்று, பையில் பாட்டில் குலுங்க பஸ் ஏறுகிறார். பீரோவில் பூட்டி வைத்த பாட்டிலுக்குச் சாவி யாரிடம் என்று அந்த வீட்டில் நடக்கும் சண்டையை எந்த மருத்துவமனையாலும் தீர்க்க முடியாது.

கோட்டாவை அடியோடு ஒழிக்கச் சொல்ல மாட்டேன். ஒழித்தால் அவர்கள் நேரே டாஸ்மாக்குக்குப் போவார்கள், அங்கே கணக்கும் இல்லை மாத வரம்பும் இல்லை. நாள்தோறும் மாலுமிக்கு ரம் ஊற்றிய பிரிட்டிஷ் கடற்படை, 1970 ஜூலை 31இல் அதை நிறுத்தியது. அதற்கு முன்பே, ரம் வேண்டாம் என்பவருக்கு நாளொன்றுக்கு மூன்று பென்ஸ் கொடுத்துவந்தது. வெள்ளைக்காரனிடமிருந்து ரம்மை எடுத்துக்கொண்ட நாம் அந்த மூன்று பென்ஸை விட்டுவிட்டோம். வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவருக்கு, அரசு அந்தப் பாட்டிலில் விட்டுக்கொடுக்கும் வரியைப் பணமாகவோ மளிகையாகவோ அதே கார்டில் ஏற்றலாம். மறுபடி மது வேண்டும் என்றால் ஓர் ஆண்டு பொறுத்துத்தான் மாற்ற முடியும் என்று வைக்கலாம். குடும்பத்துக்கு நஷ்டம் இல்லை. மனைவிக்கும் அதில் ஓர் ஆதாயம் உண்டு. மைத்துனர் கேட்டால், "எழுதிக் குடுத்துட்டேன் மச்சான், இனி என் கார்டுல வராது" என்று அவர் கவர்மென்ட் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்.